கையெழுத்துப் போட வேண்டாம் மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. உறை மேலிருந்த கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டும் இதைக் குப்பையில் போடாமல் பிரித்ததற்கு முதலில் நன்றி. நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இங்கே உங்கள் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை, என்னைத் தவிர. மகள் நன்றாக இருக்கிறாள். என் இடது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உங்கள் வீட்டுக்கு வழி தெரியுமே தவிர கதவு எண் ஞாபகம் இல்லாததால், உங்கள் காரின் விபத்துக் கோப்பை எடுத்துத்தான் விலாசம் பார்த்தேன். அப்போது முன் பம்பரின் புகைப்படங்களையும் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பம்பரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், அதாவது நீங்கள் 'தபால்' என்று கூப்பிடுகிறவள், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து படிப்புக் கடன் பத்திரம் ஒன்றை நீட்டி ஜாமீன் கையெழுத்துக் கேட்பாள். நீங்கள் போடக் கூடாது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். அதை நானே சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனேன். அவள் பத்திரத்தோடு எதிரில் வந்து நின்றதும் வாயில் வந்தது "பாக்கலாம்" என்ற வார்த்தை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்குக் கோபம் நன்றாக வரும், நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் கமிஷனுக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர், மாதம் தவறாமல் வருகிற வருமானம் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் டிரைவிங் ஸ்கூலைக் கைமாற்றிய பிறகும் அந்தக் கட்டிடத்து வாடகை உங்களுக்கு வருகிறது. அதனால் வங்கி மேலாளர், வேறு சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதும் இவள் பளிச்சென்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேலாளரின் பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு எதற்குக் கடிதம், வழக்கம்போல் மகளிடமே சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லி அனுப்பத்தான் பார்த்தேன். உங்கள் கார் விஷயத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் நேரில் பேசியதில்லை. எது சொல்வதானாலும் நான் மகளிடம் "உங்க மாமாகிட்ட சொல்லு" என்பேன், நீங்கள் அவளிடம் "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்பீர்கள். உங்கள் தங்கை ஆரம்பத்திலேயே, உங்க ரெண்டு பேருக்கு நடுவில் நான் வரமாட்டேன் என்று கையைக் கழுவிவிட்டாள். ஸ்கூல் பையை முதுகில் மாட்டத் தொடங்கிய வயதிலிருந்து மகள்தான் இங்கும் அங்கும் செய்தி சுமக்கிறாள். அந்தப் பழக்கத்தில் போன வாரம் அவளைக் கூப்பிட்டு, "உங்க மாமாகிட்ட சொல்லு, எந்தக் காரணத்தைக் கொண்டும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு" என்று சொன்னேன். அவளும் "சரிப்பா" என்று போய்விட்டாள். காபி குடித்து முடித்த பிறகுதான், யாருக்கு எதிரான செய்தியை யாரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

இனி படிப்பு. தகவல் தொடர்பியலாம். பட்டப்படிப்பு. படித்தால் என்ன வேலை என்று கேட்டேன். எல்லா வேலையும் என்றாள். மச்சான், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடைக்காரன் கொடுக்கிற பாகம் எந்த வண்டிக்கும் பொருந்தாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவன் நான் இல்லை. அடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, இதற்கு இவ்வளவுதான் தரலாம் என்று எழுதுவதுதானே நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை. அதே முறையில் இந்தப் படிப்பையும் ஆய்வு செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, அவள் சேர விரும்புகிற தனியார் கல்லூரியின் மொத்தக் கட்டணம், அதற்கு வங்கி போடுகிற வட்டி, படித்து முடித்தவுடன் கிடைக்கக்கூடிய சம்பளம் எல்லாவற்றையும் போட்டுக் கூட்டிக் கழித்தேன். சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியைத் தவணையே தின்றுவிடுகிறது. மிச்சத்தில் வாடகை போக, பஸ்ஸுக்குக் கொடுத்தது போக, அவள் சாப்பிட வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடலாம். கடன் முடியும்போது அவளுக்கு நரை வந்திருக்கும்.

இதை மகள் முன்னால் வைத்தேன். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, இதில் சம்பள உயர்வே இல்லையே என்றாள். உயர்வு எங்கிருந்து வரும், என் கமிஷன் ஒரு தடவையும் உயர்ந்ததில்லையே என்றேன். அடுக்களையிலிருந்து உங்கள் தங்கையின் குரல் மட்டும் வந்தது. "உங்களுக்குக் கேக்கத் தெரியாது. கேட்டிருந்தா வந்திருக்கும்." இந்த வீட்டில் ஒருவன் நிம்மதியாகக் கணக்குப் போட முடியாது மச்சான்.

சரி, காகிதக் கணக்கை ஒதுக்கிவிட்டு நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். கடைத்தெருவில் ஒரு செல்போன் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு செல்போன் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறான் என்பது இரண்டு காலைப் பார்த்ததும் தெரிந்தது. நோட்டீஸைப் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எழுதியிருந்தது. யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தான் சார்" என்றது செல்போன். விசாரித்தால் தகவல் தொடர்பியல் பட்டதாரி. கடைக்கு நோட்டீஸ் எழுதுவது, படம் எடுப்பது, கணினியில் விளம்பரம் போடுவது எல்லாம் அவன்தான். வேஷம் போடுகிற ஆள் லீவு போட்டால் அதற்குள் நுழைவதும் அவன்தான். எல்லா வேலையும் என்று மகள் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கிற்று. சம்பளம் கேட்டேன், சொன்னான். என் கணக்கை விடக் குறைவு. கடன் பாக்கி கேட்டேன், அதையும் சொன்னான், அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறார்களாம். வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "உள்ள வெக்கையா இருக்கு சார். மத்தபடி பிடிச்சிருக்கு" என்றான்.

இதை விடச் சிறந்த சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? மறுநாளே மகளைக் கையோடு அழைத்துப் போய் அந்தச் செல்போன் முன்னால் நிறுத்தினேன். அவள் பயந்து போய், நான் சொன்ன வணிகவியலையே படிக்கிறேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டீஸை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் விலையை மேலே போட்டிருக்கலாம் என்றாள். அவன் உடனே அந்த வேஷத்தின் மண்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முதலாளி கேட்க மாட்டேன் என்கிறார் என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். எனக்குத் தெரிந்த வங்கிக் காசாளர் அந்த வழியாக வந்து, நான் ஒரு பெரிய செல்போனின் தலையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் உற்சாகமாக இருந்தாள்.

நான் விடுகிற ஆள் இல்லை. அடுத்து அந்தத் தனியார் கல்லூரிக்கே போனேன். குளிர்சாதன அறை, மெத்தை நாற்காலி, வழவழவென்று ஒரு புத்தகம். அதில் அவர்கள் மாணவர்களின் சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகை. பார்த்ததும் நானே சேர்ந்துவிடலாமா என்று தோன்றியது. எத்தனை பேரின் சராசரி என்று சேர்க்கை அதிகாரியைக் கேட்டேன். பதில் அனுப்பியவர்களின் சராசரி என்றார். பதில் அனுப்பாதவர்கள் எத்தனை பேர் என்றேன். டீ சாப்பிடுகிறீர்களா என்றார். வண்டிச் சொந்தக்காரன் எடுத்து அனுப்புகிற புகைப்படத்தை நான் நம்பியதே இல்லை, ஆகவே கேமரா அறையைக் காட்டுங்கள் என்றேன். சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருந்தார். காத்திருந்தேன். சாவி வந்தது. உள்ளே உறை போட்டு மூடிய ஒரு கேமரா. உறையைத் தூக்கித் தயாரிப்பு வருடத்தைப் பார்த்தேன். என் மகளை விட மூத்தது. தேய்மானம் போட்டால் நாம்தான் அவர்களிடம் பணம் வாங்க வேண்டும். இதை மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளும் முந்தைய வாரம் போய் அதே உறையைத் தூக்கிப் பார்த்தாளாம். என் மகள்தான், சந்தேகம் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் அறிக்கை பழுதில்லாமல் முடிந்திருக்கும். என் நேர்மைதான் எனக்குச் சத்துரு. எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதாக நான் புகார் எழுதியிருந்தேன். குடிநீர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் புகாரை நிராகரித்துத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எவ்வளவு இதமாக எழுதியிருந்தார்கள் என்றால், நான் உட்கார்ந்து நன்றிக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் குழாய் இன்னும் ஒழுகுவது ஞாபகம் வந்தது. யார் இந்தக் கைகாரர் என்று பார்க்கப் போனேன். செய்தித் தொடர்பு அதிகாரி, ஒரு பெண்மணி. அவரும் இதே படிப்பு. சம்பளத்தைக் கூச்சப்படாமல் கேட்டேன், அவரும் கூச்சப்படாமல் சொன்னார். ஆலங்கட்டி மழை பெய்து ஊரிலுள்ள வண்டிகளிலெல்லாம் பள்ளம் விழுந்த வருடத்தில் நான் சம்பாதித்ததை விட அதிகம். ஆனால் முதல் சில வருடங்கள் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். எந்தக் கல்லூரி என்றேன். நகராட்சிக் கல்லூரி. கட்டணம் கொஞ்சம்தான், அந்தக் கடனை இரண்டாவது சம்பள உயர்வுக்கு முன்பே கட்டி முடித்துவிட்டாராம். "என்ன படிச்சோங்கறதை விட, எவ்வளவு கடன்ல படிச்சோங்கறதுதான் சார் முதல் அஞ்சு வருஷத்தைத் தீர்மானிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து நகராட்சிக் கல்லூரிக் கட்டணத்தை வைத்து அதே கணக்கை மறுபடி போட்டேன். செல்போன் வேஷக்காரன் வாங்குகிற சம்பளத்தைத்தான் வைத்தேன், ஒரு உயர்வும் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம். அதை எழுதப் போவதில்லை.

இதற்கு நடுவில் நேற்று நடந்ததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரே எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிற நேரத்தில், பக்கத்து நாற்காலியிலிருந்து, என்ன தம்பி இங்கே என்று ஒரு குரல். உங்கள் வீட்டு அக்கா. எழுந்து ஓடலாம் என்றால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆகவே மரியாதையாகப் பேசினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். எதற்கு என்றால், நீங்கள் டிரைவிங் ஸ்கூலைக் கைமாற்றிய அன்று நான் சொல்லி அனுப்பிய வார்த்தைக்காம். "இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லி அனுப்பினீங்களே தம்பி, அன்னிக்கு முழுக்க அவர் உங்களைப் பத்தியே பேசிட்டிருந்தார். யாருமே அப்படி ஒரு வார்த்தை சொல்லலையாம்" என்றார்கள்.

மச்சான், நான் சர்வேயர், உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன். நான் அன்று மகளிடம் சொல்லி அனுப்பியது, இனிமேலாவது ஊரில் இருக்கிற தூண்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று. அவள் தூண்களை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

எனக்கு வந்து சேர்ந்தவை மட்டும் முழுசாகவா வந்திருக்கும் என்று சந்தேகம் தட்டியது. கணக்கில் அப்பா புலி என்று மாமா சொன்னார் என ஒரு தடவை சொன்னாளே, அது உண்மையா என்று அக்காவைக் கேட்டேன்.  கணக்கில் மட்டும்தான் அந்த ஆள் புலி, மனுஷனாக இருக்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னதாக ஒப்புக்கொண்டார்கள். என் முட்டி வலிக்கு நீங்கள் சொன்னதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் தேய்மானம் போட்டவருக்கு முட்டியே தேய்ந்துவிட்டதா, நன்றாகத் தெரியட்டும் என்றீர்களாம். எனக்கு வந்து சேர்ந்தது, முட்டி தேய்ந்துவிட்டதா என்று மாமா விசாரித்தார் என்பது. அதைக் கேட்டு நான் உங்கள் தங்கையிடம், உங்க அண்ணன் முன்ன மாதிரி இல்லை, மாறிட்டார் என்று சொன்னேன். உருகிப் போய்ச் சொன்னேன் மச்சான். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கண்ணில் மருந்து இறங்குவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தேன், மகளைக் கூப்பிட்டேன், எதிரில் நிற்க வைத்தேன். எது மகள் எது பீரோ என்று கொஞ்சம் குழப்பம் இருந்தாலும் குரலை உயர்த்திக் கேட்டேன், எத்தனை வருஷமாக இந்தப் பொய் நடக்கிறது என்று. அவள் பயப்படவில்லை.

"பொய் சொல்லலப்பா. நீங்க சொன்னதுல எது போய்ச் சேரணுமோ அதைக் கொண்டு போனேன். மாமா சொன்னதுல எது வந்து சேரணுமோ அதைக் கொண்டு வந்தேன். ஒரு வார்த்தைகூட நானா சேர்க்கல."

யார் உனக்கு இந்த வேலையைக் கொடுத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க ரெண்டு பேரும்தான் குடுத்தீங்க. எனக்கு அப்ப எழுதக்கூடத் தெரியாது. மாமா வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல பஸ்ஸுல அம்மா பக்கத்துல உக்காந்து, எதைச் சொல்றது, எதை விடறதுன்னு யோசிச்சிட்டே வருவேன். தப்பாச் சொல்லிட்டா அடுத்த வாரம் என்னை அங்க அனுப்ப மாட்டீங்களோன்னு பயமா இருக்கும். இத்தனை வருஷம் சம்பளம் இல்லாமப் பாத்த வேலைப்பா இது. சம்பளம் குடுக்கற இடத்துல பாக்கலாம்னு நினைக்கறேன். அவ்வளவுதான்."

 பஸ்ஸில் கால் எட்டாத இருக்கையில் உட்கார்ந்து, நாம் இரண்டு கிழங்கள் துப்பியதையெல்லாம் ஒரு குழந்தை பொறுக்கிப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறது. அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது சொட்டு மருந்து.

இத்தனைக்குப் பிறகும் என் முடிவில் மாற்றம் இல்லை. இன்னும் சொல்லப் போனால் உறுதியாகிவிட்டது. எப்படி என்று கேளுங்கள். ஒரு வித்தை ஒருத்திக்கு இவ்வளவு நன்றாக வருகிறது என்றால், அதைக் கற்றுக்கொடுக்க எதற்குக் கடன் வாங்க வேண்டும்? நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது பணம் கொடுத்துப் பட்டறையில் விடுவார்களா? இந்த வாதத்தை இன்று காலை உங்கள் தங்கையிடம் சொன்னேன். உங்க டிரைவிங் ஸ்கூல் மச்சான்கிட்ட போய்ச் சொல்லுங்க, வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு லைசென்ஸுன்னு என்றாள். இது பதிலே இல்லை என்று நான் கருதுகிறேன். எதிர்பார்க்கும் வருமானத்தையும் கடனையும் தராசில் வைத்து, எல்லாப் பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்து, நான் தருகிற இறுதி அறிக்கை: கடன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், மறுபரிசீலனை வேண்டாம். நீங்கள் மறுத்தால் பழி உங்கள் மேல் விழும் என்பது உண்மைதான். அதை உங்கள் மேல் தள்ளியது, என் மேல் உங்களுக்கு இருக்கிற அபிப்பிராயத்தை ஒன்றும் பெரிதாகக் குறைத்துவிடாது.

பம்பரைப் பற்றி எழுதுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் கோப்பு மேஜை மேலேயே திறந்து கிடப்பதால் ஒன்று மட்டும். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த நீங்கள் எங்கள் வாசல் தூணில் மோதினீர்கள். வேறு சர்வேயரை அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம், ஆனால் வருகிறவர் என் முகத்துக்காக உங்களுக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சு வரக் கூடாது என்றுதான் நானே பார்த்தேன். 'தூண் எதிர்பாராத விதமாக இருந்தது' என்று நீங்கள் மனுவில் எழுதியிருந்தீர்கள். தூண் வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினேன், பழைய பம்பருக்குத் தேய்மானம் கழித்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரைப் பற்றி அப்படி எழுதலாமா என்று கத்தினீர்கள். தொழிலைப் பார்த்து எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம், கண் சீக்கிரம் தெளிய வேண்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள், சின்னவர்கள் நன்றாக இருக்கட்டும். இதில் ஏதாவது ஒரு சொல் மனதைப் புண்படுத்தியிருந்தால், மற்ற சொற்களையும் ஒரு தடவை படித்துப் பார்க்கவும்.

இப்படிக்கு,
முடிவில் உறுதியுடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில், முட்டி தெரு முனை வரை வரமாட்டேன் என்றுவிட்டது. வேறு வழியில்லாமல் தபாலில் சேர்க்க மகளிடம் கொடுத்தேன். படிக்கலாமா என்று கேட்டாள். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது, படி என்றேன். நின்றுகொண்டே படித்தாள். ஏழு பக்கமும் படித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதைப் படித்துவிட்டு மாமா என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கையெழுத்துப் போடக் கூடாது என்றேன்.

"மாமா ஏற்கெனவே போடமாட்டேன்னு சொல்லிட்டார்பா. போன மாசமே கேட்டேன். 'உங்க அப்பாவை அவர் வாயால கேக்கச் சொல்லு, அன்னிக்குப் போடறேன்'னார். அதை எப்படி உங்ககிட்ட கொண்டு வர்றதுன்னு தெரியாம இத்தனை நாளா வச்சிருக்கேன். அதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

மச்சான், போடமாட்டேன் என்று சொல்லிவிட்ட மனிதரைப் போடாதே என்று ஏழு பக்கம் கெஞ்சியிருக்கிறேன். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே போகட்டும், இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையும் எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஆகவே பம்பர் உள்பட எல்லாம் உங்களுக்கு முழுசாக வருகிறது.

எழுதாமல் விட்ட கணக்கையும் எழுதிவிடுகிறேன். நகராட்சிக் கல்லூரியில் சேர்ந்தால் தவணை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தினமும் சாப்பிடலாம். அந்தக் கேமரா உறையைத் தூக்கிப் பார்த்த அன்றே அவள் நகராட்சிக் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாளாம், பத்திரத்தில் கல்லூரிப் பெயர் அதுதான். நான் படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்குக் கேட்கத் தெரியாது என்று உங்கள் தங்கை சொன்னது சரி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் நான் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி கேட்கிறேன். கையெழுத்துப் போடுங்கள் மச்சான். கடன் பத்திரத்தில் என் இடத்தில் நான் போட்டுவிட்டேன், பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே அனுப்பப் போவதில்லை, நீங்கள் வாருங்கள். வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள். கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வைக்கிறேன். தூண் பழைய இடத்தில்தான் இருக்கிறது.